கடைக்குள் நாயும் வரலாமா?

எங்கள் வீட்டு நாயின் பெயர் முறுக்கு. பூடில் வகை. உடம்பெல்லாம் சுருள் சுருளாக முடி இருப்பதைப் பார்த்து என் மகள் வைத்த பெயர். "ஏன்டி, தின்கிற பொருளோட பேரையா நாய்க்கு வைப்பீங்க?" என்று அம்மா அன்றைக்கே கோபித்துக்கொண்டார். இந்த இரண்டு வருடத்தில் அவர் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. சாதாரண நாளில் "அது". கோபம் வந்தால் "உங்க வீட்டு ஐயா".

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை முறுக்கை நடக்கக் கூட்டிப்போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். வீட்டில் தேங்காய்ப்பால் இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு சின்ன மளிகைக்கடை உண்டு. குளிர்சாதன வசதியெல்லாம் கிடையாது. வெங்காயக் கூடைகளும் ஐஸ்கிரீம் பெட்டியும் பாதி வாசலை அடைத்துக்கொண்டிருக்கும். முறுக்கைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். தூக்கி வைத்துக்கொண்டால் தரையில் கால் படாது, யாருக்கும் தொல்லை இல்லை என்பது என் கணக்கு.

கல்லாவில் மக்சிக் இருந்தார். பத்து வருடப் பழக்கம். என் மகள் பாலர் பள்ளிக்குப் போன காலத்தில் அவள் கையில் ஒரு மிட்டாய் திணிக்காமல் அனுப்பமாட்டார். 5 வெள்ளி நோட்டைக் கொடுத்தேன். மீதிச் சில்லறையை நீட்டினார். நான் கை நீட்டுவதற்குள் முறுக்கு கழுத்தை எக்கி அவர் விரல்களை நக்கிவிட்டது.

மக்சிக் கத்தவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. "தக் அபா, தக் அபா" என்று என்னைத்தான் சமாதானப்படுத்தினார். பிறகு அந்தக் கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி, அரிசி மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த பையனைக் கல்லாவுக்குக் கூப்பிட்டுவிட்டுப் பின்பக்கம் போனார். எனக்குப் பின்னால் வரிசையில் நான்கைந்து பேர். பொதுவாக எல்லாருக்கும் சேர்த்து ஒரு 'சாரி' சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். கையைக் கழுவினால் போயிற்று, இதில் என்ன இருக்கிறது என்றுதான் அப்போது நினைத்தேன்.

என்ன இருக்கிறது என்பதை எதிர்வீட்டு அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் கடையநல்லூர்ப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் குடும்பம். இந்த வட்டாரத்து முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றுவது ஷாஃபி வழிமுறை. அதில் நாயின் உமிழ்நீர் பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். மலாயில் இதைச் 'சமாக்' என்பார்கள். "காய்ந்த முடி உரசினா ஒண்ணுமில்ல. ஈரம் பட்டாத்தான். மக்ரிப் தொழுகை நேரம் வேற. பாவம், அந்த நேரத்துல மண்ணுக்கு எங்க போனாங்களோ" என்றார் அக்கா. நாயை வெறுக்கச் சொல்கிற மார்க்கம் என்று நான் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, தாகத்தில் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட நபிமொழியையும் சேர்த்துச் சொன்னார்.

ஒரு பாக்கெட் தேங்காய்ப்பாலுக்காக, பத்து வருடமாக என்னிடம் அன்பாக இருந்த ஒரு பெண்ணை அந்த நிலைக்கு ஆளாக்கியிருக்கிறேன். அவர் 'பரவாயில்லை' என்றதால் எனக்கு அது தெரியவே இல்லை. இரண்டு நாள் இதே நினைப்பாக இருந்தது. இந்த வாரப் பத்தி அதனால்தான் நாய்களைப் பற்றியது.

நீங்களும் கவனித்திருப்பீர்கள், கடைத்தொகுதிகளில் இப்போது நாய்கள் அதிகம். முன்பெல்லாம் கைப்பைக்குள்ளிருந்து ஒரு சின்ன மூக்கு எட்டிப் பார்த்தால் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்ப்போம். இன்று மின்தூக்கிக்குள் ஒரு தள்ளுவண்டி வந்தால், உள்ளே குழந்தையா நாயா என்று குனிந்து பார்த்த பிறகுதான் கொஞ்ச வேண்டியிருக்கிறது. நானே ஒருமுறை "எத்தனை மாதம்?" என்று கேட்டு அசடு வழிந்திருக்கிறேன். பதினொரு வயதாம்.

இதற்கான சட்டம் பலர் நினைப்பதுபோல ஒரே கோடு அல்ல. உணவகம், காப்பிக்கடை போன்ற இடங்களுக்குள் செல்லப்பிராணிகளை விடக்கூடாது என்பது சிங்கப்பூர் உணவு அமைப்பின் விதி. செல்லப்பிராணிகளுக்கென்றே உரிமம் பெற்ற உணவகங்கள் விதிவிலக்கு. வெளிப்புற மேசைகளில் அனுமதிப்பதா வேண்டாமா என்பது கடைக்காரரின் விருப்பம். எம்ஆர்டியிலும் பேருந்திலும் வழிகாட்டி நாய்களைத் தவிர வேறு நாய்கள் ஏற முடியாது. டுரியானுக்கு இருக்கிற நிலைமைதான் முறுக்குக்கும். துணிக்கடை, புத்தகக்கடை, அறைகலன் கடை, கைப்பேசிக் கடை ஆகியவற்றில் எல்லாமே கடைக்காரர் அல்லது கடைத்தொகுதி நிர்வாகத்தின் முடிவு. வரலாம் என்றால் வரலாம், கூடாது என்றால் கூடாது. சிக்கல் தொடங்குவது இங்கேதான். பல இடங்களில் இரண்டையுமே யாரும் சொல்வதில்லை. கதவில் ஒன்றும் ஒட்டியிருக்காது. நாய்க்காரர் 'தடை இல்லையே' என்று உள்ளே போகிறார். நாய்க்குப் பயந்தவர் 'கடைக்குள் நாய் வராது' என்று நம்பி உள்ளே போகிறார். இருவரும் மூன்றாவது வரிசை அலமாரிக்குப் பக்கத்தில் சந்தித்துக்கொள்கிறார்கள்.

நாய் வளர்ப்பவர்கள் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் அந்தக் கட்சிதானே. எங்கள் புளோக்கில் மூன்றாம் மாடியில் ஒரு சீன அங்கிள் இருக்கிறார். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டில் அவரும் ஒரு கிழட்டு ஷிட்சுவும் மட்டும். அதற்குக் கண் பார்வை மங்கிவிட்டது. தனியாக விட்டால் அடுத்த புளோக் வரை கேட்கிற மாதிரி அழும். அதனால் அங்கிள் காப்பிக்கடையில் உட்கார்ந்து சாப்பிட்டே வெகுநாளாகிறது. வெளியே நின்று, தெரிந்த யாரையாவது கூப்பிட்டு, பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். "நான் தனியா இருந்தா டிவி பார்ப்பேன். அது தனியா இருந்தா என்ன செய்யும்?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கடை வாசலில் கட்டிப்போட்டுவிட்டுப் போகலாமே என்பவர்கள் மத்தியானம் இரண்டு மணிக்குச் செருப்பில்லாமல் நடைபாதையில் ஒரு நிமிடம் நின்று பார்க்கட்டும். கட்டிப்போட்ட நாயை எவராவது அவிழ்த்துக்கொண்டு போகலாம், குழந்தைகள் வாலை இழுக்கலாம், அது பயந்து யாரையாவது கவ்வலாம். அதன் பிறகு பொறுப்பு யாருடையது? எம்ஆர்டியில் ஏற்ற முடியாத, வாசலில் கட்டவும் முடியாத ஒரு உயிரை வைத்துக்கொண்டு வெளியே போகிறவருக்குக் கதவு திறந்திருக்கிற சில இடங்களாவது வேண்டும்.

வீவக வீட்டில் அங்கீகரிக்கப்பட்ட 62 சிறிய இனங்களில் ஒரு நாயை வளர்க்கலாம். உள்ளூர்க் கலப்பின நாய்களைத் தத்தெடுக்க 2012ல் அடோர் திட்டம் வந்தது. நாய்க்கு மைக்ரோசிப், ஆண்டுதோறும் உரிமம். கருத்தடை செய்ததென்றால் 15 வெள்ளி, செய்யாததென்றால் 90 வெள்ளி. இப்படி அரசாங்கமே கணக்கெடுத்து, எண் கொடுத்து, வீட்டுக்குள் அனுமதித்த ஒரு ஜீவன் வீட்டு வாசலைத் தாண்டியதும் எங்கேயும் இருக்கக்கூடாதது ஆகிவிடுகிறது என்று நாய்க்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இப்போது அம்மாவின் கட்சி.

அம்மாவுக்கு ஒன்பது வயதில் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு தெருநாய் கடித்துவிட்டது. அந்தக் காலத்து வைத்தியம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. தினம் ஒன்றாக, அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் போய்ப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். திருமணமாகி இங்கே வந்து ஐம்பது வருடம் ஆகப்போகிறது. சிங்கப்பூரில் 1953க்குப் பிறகு வெறிநாய்க்கடி நோய் இல்லை என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "சரி" என்பார். ஆனால் மின்தூக்கிக் கதவு திறந்து உள்ளே நாய் நின்றால் அவர் கால் தானாகப் பின்னால் போகும். அடுத்த மின்தூக்கிக்குக் காத்திருப்பார். புத்திக்குத் தெரிந்தது காலுக்குத் தெரிவதில்லை.

அப்படிப்பட்டவர் எப்படி முறுக்குடன் ஒரே வீட்டில் இருக்கிறார் என்று கேட்பீர்கள். அவர் அறை வாசலில் குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவு ஒன்று போட்டிருக்கிறோம். அந்தக் கதவைத் தாண்டி நாய் வராது. அவர் கூடத்துக்கு வரும்போது முன்கூட்டியே குரல் கொடுப்பார், நாங்கள் முறுக்கைப் பிடித்துக்கொள்வோம். கோடு எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், நாய்க்கும் தெரியும். இரண்டு வருடமாகச் சண்டை இல்லை. வீட்டைவிட அவர் அதிகம் பயப்படுவது வெளியேதான். அங்கே எந்தக் கோடும் கிடையாது.

நாய் வளர்ப்பவர்கள் எல்லாரும் சொல்கிற ஒரு வாக்கியம் உண்டு: "பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ணாது." நானும் நூறு முறை சொல்லியிருக்கிறேன். அம்மா பக்கத்தில் நின்று கேட்ட பிறகுதான் அது எவ்வளவு உதவாத வாக்கியம் என்று புரிந்தது. எதிரில் இருப்பவருக்கு உங்கள் நாயை இன்றுதான் தெரியும். நீங்கள் சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும். நம்பாவிட்டால் அவர்தான் நாகரிகம் தெரியாதவர் என்று ஆகிவிடும். அதைச் சொல்லிக்கொண்டே கயிற்றை அரை அடிகூட இழுத்துப் பிடிக்காதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் வேண்டியது உத்தரவாதம் அல்ல, இரண்டடி தூரம்.

பயம் மட்டுமல்ல, ஒவ்வாமையும் இருக்கிறது. அதற்குக் காரணம் முடி என்று பலர் நினைக்கிறோம். உண்மையில் நாயின் உமிழ்நீரிலும் உதிரும் தோல் துகள்களிலும் உள்ள புரதங்கள்தாம் காரணம். எனவே 'எங்கள் நாய்க்கு முடி கொட்டாது' என்கிற பூடில்காரர் வாதம் (என் வாதமும் அதுவாகத்தான் இருந்தது) அவ்வளவாக நிற்காது. ஆனால் இதன் மறுபக்கமும் உண்டு. அந்தத் துகள்கள் நம் உடையில் ஒட்டிக்கொண்டு நாமே எல்லா இடத்துக்கும் கொண்டுபோகிறோம். நாய் வராத கடைக்கும் நாய் வளர்ப்பவர் போகிறார். ஆகவே ஒவ்வாமையை மட்டும் வைத்து எல்லாக் கதவையும் சாத்திவிடவும் முடியாது.

அசுத்தம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காய்கறி போடும் தள்ளுவண்டியில், அதுவும் குழந்தை உட்காரும் இருக்கையில், நாயை உட்கார வைப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடுத்த வாடிக்கையாளர் அதே இடத்தில்தான் கீரைக்கட்டை வைக்கப்போகிறார். இதற்குச் சட்டமே தேவையில்லை.

இந்த விவாதத்துக்குள் ஒருபோதும் இழுக்கக் கூடாத நாய் ஒன்று உண்டு. அது வழிகாட்டி நாய். பார்வையற்றவருக்கு அது கண். இந்த ஊரில் அவை மிகச் சிலவே. அதனாலேயே பலர் வாழ்நாளில் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. உணவகத்துக்குள் செல்லவும் எம்ஆர்டியிலும் பேருந்திலும் ஏறவும் அதற்கு அனுமதி உண்டு. ஹலால் சான்றிதழ் பெற்ற உணவகங்களுக்குள்ளும் வழிகாட்டி நாய் வரலாம் என்று முயிஸ், அதாவது இஸ்லாமிய சமய மன்றம், தெளிவுபடுத்தியிருக்கிறது. மக்சிக்கின் சமயத்தைச் சொல்லி வழிகாட்டி நாயைத் தடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அந்த நாயின் முதுகில் கெட்டியான கைப்பிடி கொண்ட சேணம் இருக்கும். அது இருக்கும்வரை நாய் வேலையில் இருக்கிறது என்று பொருள். தடவக் கூடாது, கூப்பிடக் கூடாது, பிஸ்கட் காட்டக் கூடாது. பேச வேண்டுமென்றால் அதைப் பிடித்திருக்கும் மனிதரிடம் பேசலாம்.

ஆனாலும் வழிகாட்டி நாயுடன் வருபவர்கள் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்ட செய்திகள் அவ்வப்போது வரத்தான் செய்கின்றன. காவலர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். காலை முதல் மாலை வரை தள்ளுவண்டி நாய், கைப்பை நாய், 'இது என் பிள்ளை மாதிரி' நாய் என்று வாதாடி ஓய்ந்துபோனவர் முன்னால் உண்மையான வழிகாட்டி நாய் வந்து நிற்கும்போது, அவர் கண்ணுக்கு அதுவும் இன்னொரு நாய்தான். அன்று மக்சிக்கின் கடையில் யாராவது கோபப்பட்டு 'இனிமேல் எந்த நாயும் கூடாது' என்று முடிவெடுத்திருந்தால், எனக்கு நட்டம் ஒரு பாக்கெட் தேங்காய்ப்பால். பார்வையற்ற ஒருவருக்கு நட்டம் அந்தக் கடையே.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்கா உதாரணம். மன ஆறுதலுக்கான பிராணி என்று சொல்லி விமானத்தில் நாய், பூனை, பன்றிக்குட்டி என்று கொண்டுவரத் தொடங்கினார்கள். 2018ல் நுவார்க் விமான நிலையத்தில் ஒருவர் மயிலோடு வந்து நின்றார். விமானத்தில் ஏற்றவில்லை என்பது வேறு விஷயம். கடைசியில் 2021 ஜனவரி முதல் ஆறுதல் பிராணிகளைச் சேவை நாய்களாக விமான நிறுவனங்கள் ஏற்க வேண்டியதில்லை என்று விதியை மாற்றினார்கள். உண்மையிலேயே தேவைப்பட்டவர்களும் அதில் இழந்தார்கள். அதே அமெரிக்காவில் கடைகளுக்கு ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஊழியர் இரண்டு கேள்விகள் மட்டும் கேட்கலாம்: உடற்குறை காரணமாகத் தேவைப்படும் சேவை நாயா? என்ன வேலைக்குப் பயிற்சி பெற்றிருக்கிறது? சான்றிதழ் காட்டு, நோயைச் சொல் என்றெல்லாம் கேட்க முடியாது. நம் காவலர்களுக்கும் இப்படிக் கேட்க இரண்டு வரி சொல்லிக்கொடுத்தால் போதும்.

ஜெர்மனியில் இறைச்சிக் கடை, ரொட்டிக் கடை வாசல்களில் ஒரு நாய்ப் படம் போட்டு, 'நாங்கள் வெளியேதான் இருக்க வேண்டும்' என்று நாயே சொல்வதுபோல எழுதி ஒட்டியிருப்பார்கள். அந்த நாட்டில் பல கடைகளுக்குள் நாய் சாதாரணமாக வரும். அதனால்தான் வரக்கூடாத கடை அதை வாசலிலேயே சொல்லிவிடுகிறது. யாரும் யாரோடும் வாதாட வேண்டியதில்லை.

சரி, என் முடிவு என்ன? நாய் வரலாமா வேண்டாமா என்று எல்லாக் கடைக்கும் சேர்த்து ஒரே கேள்வி கேட்பதுதான் தவறு என்று நினைக்கிறேன். ஒரு கடையை மனிதர்கள் தவிர்க்க முடியுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விலை உயர்ந்த சட்டை விற்கும் கடையில் நாய் வரும் என்று போட்டிருந்தால் அம்மா வேறு கடைக்குப் போவார், ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் வீட்டுக்குக் கீழே உள்ள மளிகைக்கடை, மருந்தகம், மருந்தக வாசலில் உள்ள சின்ன மின்தூக்கி ஆகியவற்றை அவரால் தவிர்க்க முடியாது. எழுபத்து நான்கு வயதில் முட்டிவலியோடு அடுத்த வட்டாரத்துக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கச் சொல்ல முடியுமா? தவிர்க்க முடியாத இடத்தில் நாய் வெளியே இருக்கட்டும். தவிர்க்க முடிந்த இடத்தில் கடைக்காரர் விரும்பினால் தாராளமாக வரட்டும். உணவு மேசைகளுக்குச் சட்டம் ஏற்கெனவே கோடு போட்டுவிட்டது.

இதில் எல்லாரும் மறந்துவிடுகிற ஒருவர் இருக்கிறார். வாடிக்கையாளர் கடையைத் தவிர்க்கலாம், கடையில் வேலை செய்பவர் தவிர்க்க முடியாது. 'எங்கள் கடைக்கு நாய்களை வரவேற்கிறோம்' என்று அழகான ஸ்டிக்கர் ஒட்டும் நிர்வாகம், கல்லாவில் எட்டு மணி நேரம் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டதா? அவருக்கு ஒவ்வாமை இருக்கலாம், சமயம் இருக்கலாம், என் அம்மாவைப்போலப் பதினான்கு ஊசி இருக்கலாம். வாடிக்கையாளரிடம் 'பரவாயில்லை' என்று சொல்வதுதான் அவருடைய வேலை. எனவே அவர் சொல்லும் 'பரவாயில்லை'யை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்கு இது மக்சிக் சொல்லிக்கொடுத்த பாடம், அவருக்கே தெரியாமல்.

அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் இளைஞர் ஒருவர் இதைப் படித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, அப்ப மூன்றாம் மாடி அங்கிளுக்கு என்ன வழி?" என்று கேட்டார். அவருக்குக் கடைக்குள் இடம் கொடுப்பதைவிடக் கடை வாசலில் ஒரு ஏற்பாடுதான் உதவும் என்று தோன்றுகிறது. நிழலில் ஒரு பெஞ்சு, பக்கத்தில் ஒரு தண்ணீர்க் கிண்ணம். உள்ளே வராமலே வேண்டியதை வாங்கித் தர ஒரு ஆள். நம் பழைய மளிகைக்கடைகள் அப்படித்தானே இருந்தன? வாசலில் நின்று கேட்டால் உள்ளிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். நாமே உள்ளே போய்க் கூடையில் அள்ளுவது பின்னால் வந்த வழக்கம்தான்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வரும்போது, முறுக்கு இல்லாமல், மக்சிக்கிடம் போனேன். மன்னிப்புக் கேட்கிறேன் என்றதும் அவருக்குத்தான் கூச்சமாகிவிட்டது. அன்று வீட்டுக்குப் போய், பூந்தொட்டி மண்ணை எடுத்துக் கழுவினாராம். வழியெல்லாம் அந்தக் கையைப் பையில் சுற்றிக்கொண்டு போனாராம். இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பூனை என்றால் எத்தனை வேண்டுமானாலும் மடியில் வைத்துக்கொள்வேன் என்றார். பிறகு நாயின் பெயரைக் கேட்டார். "முறுக்கு" என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, கல்லாவுக்கு மேலே சரம் சரமாகத் தொங்கிய முறுக்குப் பொட்டலங்களைக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தார்.

வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டிவிடலாமே என்று கடை முதலாளியிடம் கேட்டேன். நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள், ஒட்டிவிடுகிறேன் என்றார். மகள் உட்கார்ந்து வரைந்தாள். நான்கு மொழியில் எழுத்து. நடுவே ஒரு நாய், அதன் குறுக்கே சிவப்புக் கோடு. கீழே, 'வழிகாட்டி நாய்கள் வரலாம்'. எல்லாம் சரியாகத்தான் இருந்தது, படத்து நாய்க்கு மட்டும் உடம்பெல்லாம் சுருள் முடி.

நேற்று அம்மா கொத்தமல்லி வாங்கப் போயிருந்தார். திரும்பி வந்ததும், "கடை வாசல்ல முறுக்கு படம் ஒட்டியிருக்காங்களே, பார்த்தியா?" என்றார்.